கார் இடிச்சதுல விப்லாஷ் (கழுத்து உதறி இழுபட்ட காயம்). தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

2 ஜனவரி 2025, கேள்வி (கத்ர் போர்ன், மொரீஷியஸ்)

29ஆம் தேதி ஞாயிறு, ரோன் புவான்ல (ரவுண்டானா) நின்னுட்டிருந்த காரைப் பின்னால வந்த வண்டி இடிச்சுது. அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல கழுத்து மரக்கட்டை. ஆஸ்பத்திரில 'கூ தி லாப்பேன்', அதாவது விப்லாஷ்னு சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, எலும்புல ஒண்ணும் இல்லைன்னு காலர் மாட்டி 3 வாரம் கழட்டாதேன்னு அனுப்பிட்டாங்க. பிப்ரவரி 11 தைப்பூசம், காவடி வேண்டுதல் இருக்கு. ஆறு வாரம் அசையாம இருந்தா சரியாகிடும்தானே?

2 ஜனவரி, இரவு. பிசியோ

அசையாமல் இருந்தால்தான் சரியாகாது.

காலரைப் பிறகு பார்ப்போம், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். கை கால் எங்காவது மரப்பு, ஊசி குத்தல் உண்டா? ஒரு கையில் பிடி தளர்ந்திருக்கிறதா, சட்டைப் பித்தான் போடத் தடுமாற்றமா? நடை தள்ளாடுகிறதா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம்? இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், திடீரென்று கால் மடங்கி விழுவது? இதுவரை வந்தே இராத மாதிரி ஒருபக்கத் தலைவலி, கூடவே ஒரு கண் இமை தொங்கல்? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் இந்த இழையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். அது விபத்துக்குச் சில நாள் கழித்தும் வரும், எலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது.

3 ஜனவரி, கேள்வி கேட்டவர்

எதுவும் இல்லக்கா. கழுத்து, தோள் மேல்பக்கம், பின்மண்டை வலி மட்டும். 10க்கு 6. இடது பக்கம் பாதிகூடத் திரும்பல.

3 ஜனவரி. பிசியோ

அப்படியென்றால் இது இரண்டாம் நிலை. 1995இல் கியூபெக் குழு வகுத்த வரிசைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 0 என்றால் புகாரே இல்லை. 1இல் வலியும் இறுக்கமும் மட்டும். 2இல் தொட்டால் நோகும் இடமும் திரும்பும் அளவு குறைந்திருப்பதும் சோதனையில் தெரியும். 3இல் நரம்பு அடையாளங்கள், 4இல் முறிவு அல்லது விலகல். பெரும்பாலானவர்கள் 1, 2இல்தான் இருப்பார்கள்.

பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் முதுகை முன்னே தள்ளுகிறது, நாலரை ஐந்து கிலோ தலை இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கழுத்து 'எஸ்' மாதிரி வளைகிறது: கீழ்க்கழுத்து பின்னுக்கு மடங்க, மேல்கழுத்து முன்னுக்கு. தலை பின்னால் போய் அடிபடுவதற்கு முன்பே கீழே உள்ள சிறு மூட்டுகளின் உறை இழுபட்டுவிடும். அதனால்தான் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலிக்கிறது. எக்ஸ்ரே எலும்பைப் பார்க்க, உங்களுக்கு நோவது உறையும் தசையும்.

காலர்: 3வது நிலைக்கும் 4வது நிலைக்கும் கதை வேறு. 1க்கும் 2க்கும் அது தேவையில்லை. வலி தாங்காமல் போட்டாலும் 72 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. காலருக்குள் ஆழ்தசைகள் வேலையை விட்டுவிடும், மேல்தசைகள் பயத்தில் இறுகும். மாட்டியவரிடமே போய் 'எலும்பு சுத்தம், நரம்பு சுத்தம், கழட்டலாமா' என்று நேராகக் கேளுங்கள். 3 வாரத்துக்குக் காரணம் சொல்லாமல் 3 வாரம் என்று மட்டும் சொன்னால் வேறொரு டாக்டரைப் பாருங்கள்.

3 ஜனவரி. கேஷுவல்டி நர்ஸ் (ரோஸ் ஹில்)

ரெண்டு விஷயம் மட்டும். கான்ஸ்டா பேப்பரில் (இரண்டு ஓட்டுநரும் சேர்ந்து நிரப்பும் விபத்துப் படிவம்) கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால் அது வண்டிச் சேதத்துக்குத்தான். உடம்பில் காயம் என்றானபின் போலீஸில் சொல்லவேண்டும். மெடிக்கல் பக்கம் போலீஸ் ஃபார்ம் 58இல் டாக்டர் எழுதுவார். வலி மறுநாள்தான் வந்தது என்பதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், விப்லாஷில் அது வழக்கம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து மாத்திரை. வீட்டில் பனடோல் ஒரு பெட்டி, டோலிப்ரான் ஒரு பெட்டி இருக்கும். இரண்டும் ஒரே பாராசிட்டமால். காலையில் இது, மத்தியானம் அது என்று போட்டு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டியவர்கள் எங்களிடம் வருவார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 24 மணி நேரத்தில் மொத்தம் 8, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும். சளிக்கான பொடியிலும் அதுவே இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

5 ஜனவரி. பிசியோ

காலர் கழற்றியாயிற்று என்று செய்தி பார்த்தேன். இனி இந்த வாரத்து வேலை.

நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காருங்கள். தலையை வலப்பக்கம் மெதுவாக, வலி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்புவரை திருப்பி, நடுவுக்கு வந்து, இடப்பக்கம். இப்படி 10 தடவை. விழித்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும். 2000இல் சுவீடனில் செய்த ஆய்வில் இதே திருப்பல்தான் பயிற்சி, ஓய்வும் காலரும் அதற்குப் பின்தங்கின. தலையை வட்டமாகச் சுழற்ற வேண்டாம், பள்ளிக்கூட டிரில்லில் கற்ற அந்தச் சுழற்சி இப்போது மூட்டு உறைக்கு நல்லதில்லை.

படுக்கை: ஒரே தலையணை. மல்லாந்து படுத்தால் தாழ்வானது. ஒருக்களித்தால் காதுக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம், பலருக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர். போதாவிட்டால் உறைக்குள் ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்துப் பள்ளத்துக்கு நேராக வையுங்கள். குப்புறப் படுக்க வேண்டாம்.

ஐஸா சூடா என்றால், எது இதமோ அது. ஜனவரி வெக்கையில் சூட்டுப் பையை யாரும் கேட்பதில்லை. கோடாலித் தைலம் பூசலாம், பூசியபின் மேலே சூடு வைத்தால் தோல் வெந்துவிடும்.

5 ஜனவரி, கேள்வி கேட்டவர்

பாட்டி சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட போகச் சொல்றாங்க. ஒரே திருப்பு, 'டக்'னு சத்தம், சரியாகிடுமாம்.

5 ஜனவரி. பிசியோ

தோளையும் மேல்முதுகையும் எண்ணெய் தொட்டு நீவிவிட்டால் தடையில்லை. 'டக்' வேண்டவே வேண்டாம். அடிபட்ட கழுத்தை வேகமாகத் திருப்பினால் நான் முதல் குறிப்பில் சொன்ன ரத்தக்குழாய் கிழிய வழியிருக்கிறது. பாட்டியிடம் நீவல் மட்டும் என்று சமாதானம் சொல்லுங்கள்.

9 ஜனவரி. பிசியோ (5ஆம் தேதிக் குறிப்புக்குத் திருத்தம்)

'வலி தொடங்கும் இடத்துக்கு முன்புவரை' என்று எழுதியது போதவில்லை போல. இரண்டு பேர் தனிச்செய்தியில், ஒருவர் கையால் தாடையைத் தள்ளிக் கடைசிவரை திருப்புகிறார், இன்னொருவர் வலி வருமோ என்று மூக்கை இரண்டு விரல்கடை அசைத்துவிட்டு 10 எண்ணுகிறார். இரண்டுமே தவறு.

கணக்கு இதுதான்: செய்யும்போது வலி 2 புள்ளிக்கு மேல் ஏறக்கூடாது. செய்து முடித்து அரை மணியில் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். மறுநாள் காலை முந்தைய காலையைவிட மோசமாக இருக்கக்கூடாது. மூன்றும் சரி என்றால் இன்னும் கொஞ்சம் திருப்பலாம். மூன்றாவது தவறினால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வலி 1 புள்ளி ஏறியதாலேயே எதுவும் புதிதாகக் கிழிந்துவிடவில்லை.

11 ஜனவரி. கராஜ்காரர் (வக்வா)

கழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், சீட்டை யாராவது பார்த்தீர்களா? பின்னால் இடிபட்ட வண்டியில் சீட் சாய்மானப் பூட்டு வளைந்திருக்கலாம். கைப்பிடியை விட்டுவிட்டு முதுகால் அழுத்திப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. சில மாடல்களில் தலைத்தாங்கி இடியின்போது முன்னே பாயும். அதைத் திரும்ப உள்ளே தள்ளிப் பூட்டினால்தான் அடுத்த தடவைக்கு வேலை செய்யும். தலைத்தாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும், பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் போகும் இடைவெளிக்கு மேல் வேண்டாம். இங்கே பாதி வண்டியில் அது கீழேயே கிடக்கும், கழுத்துக்கு நெம்புகோல் மாதிரி.

11 ஜனவரி. பிசியோ

நன்றி அண்ணா, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சீட்டைப் படுக்கைபோல் சாய்த்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த நாலு விரல் ஒரு முழமாகிவிடும், தலைத்தாங்கி இருந்தும் இல்லாததுதான்.

எப்போது ஓட்டலாம் என்றும் கேட்டிருந்தார்கள். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து ஒருவரை வலது பின்பக்கக் கண்ணாடி மறைவில் நிற்கச் சொல்லுங்கள். உடம்பைத் திருகாமல், முகம் சுளிக்காமல் அவர் விரல் எத்தனை என்று சொல்ல முடிகிறதா? இந்த ஊரில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரோன் புவான், ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் பார்த்தாக வேண்டும். உறக்கம் தரும் தசை தளர்த்தி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

14 ஜனவரி. பிசியோ

இரண்டு வாரம் ஆயிற்று, வலி 4 என்கிறார் கேள்வி கேட்டவர். இப்போது ஆழ்தசை. இதைத்தான் எல்லோரும் தவறாகச் செய்கிறார்கள், எனவே நீளமாக.

மல்லாந்து படுத்து முழங்கால் மடக்குங்கள். முகம் கூரைக்கு இணையாக வருமளவு பின்மண்டைக்குக் கீழே மடித்த துண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையை (கஃப்) மூன்றாக மடித்து, மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் செருகுங்கள். பம்ப் அடித்து முள்ளை 20க்குக் கொண்டுவாருங்கள். நாக்கு மேலண்ணத்தில், உதடு மூடி, பல் படாமல். 'ஆமாம்' என்று தலையாட்டுவதில் முதல் கால்வாசி மட்டும்: தாடை மெல்ல இறங்க, முள் 22க்கு ஏற வேண்டும். 10 விநாடி அங்கேயே நிறுத்தி, விட்டுவிட்டு, 10 தடவை. 22இல் பத்தும் ஆடாமல் நின்றால்தான் 24. இப்படி இரண்டிரண்டாக 30 வரை. கழுத்து நோகாதவர்கள் பெரும்பாலும் 26ஐத் தாண்டுவார்கள், விப்லாஷ்காரர்கள் 22இலேயே நடுங்குவார்கள்.

தவறுவது எங்கே என்றால், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் கயிறு போன்ற தசையை இரண்டு விரலால் தொட்டுக்கொள்ளுங்கள். அது புடைத்தால் மேல்தசை ஏமாற்றுகிறது. முள் 22இலிருந்து 28க்குத் துள்ளினால் தலையாட்டவில்லை, மண்டையைத் தரையில் அழுத்துகிறீர்கள். மூச்சு நின்றாலும் கணக்கில்லை. தலை துண்டைவிட்டு எழவே கூடாது.

15 ஜனவரி. பிசியோ (நேற்றையதற்குத் திருத்தம்)

பொத்தான் அமுக்கினால் தானே காற்றடிக்கும் பேட்டரிக் கருவி இதற்கு உதவாது. அது 20இல் நிற்காது, ஏறிவிட்டுத் தானே இறங்கிவிடும். கையால் பிதுக்கும் ரப்பர்க் குமிழும் முள் வட்டமும் உள்ள பழைய வகைதான். அது இல்லாவிட்டால் சுருட்டிய சின்னத் துண்டு போதும், தாடைக்கடியில் விரல் வைத்து அளவு பாருங்கள். கருவிக்காக யாரும் செலவு செய்ய வேண்டாம்.

எத்தனை தடவை பிசியோவுக்கு வரவேண்டும் என்றும் ஒரு கேள்வி. என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்: 2014இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, நாள்பட்ட விப்லாஷ் உள்ள 172 பேர். 20 தடவை பயிற்சிக்கு வந்தவர்களும், ஒரே தடவை உட்கார்ந்து விளக்கம் கேட்டுத் தேவைப்பட்டால் போனில் பேசியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேறினார்கள். 20 தடவைக்கான கட்டணத்தை முன்பணமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை, செய்வது சரியா என்று பார்க்க. மற்றது உங்கள் வீட்டுத் தரையில்.

20 ஜனவரி. பிசியோ

கடையில் திரும்பிப் பார்த்தால் தலை கிறுகிறுக்கிறது, ஆனால் வலி இல்லை என்றார். வேறு அடையாளம் எதுவும் இல்லை என்று நேரில் பரிசோதித்தபின் இந்தச் சோதனை: தொப்பியின் முன்பக்கம் ஒரு சின்ன லேசர் விளக்கை நாடாவால் ஒட்டுங்கள். சுவரில் ஒரு புள்ளி. நேராகப் பார்த்து ஒளி புள்ளியில் விழும்படி உட்கார்ந்து, கண்ணை மூடி, இடப்பக்கம் முழுதாகத் திரும்பி, மறுபடி நடு என்று தோன்றும் இடத்துக்கு வந்து, கண் திறவுங்கள். ஒளி புள்ளியிலிருந்து 7 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி. வெளியே போனால் கழுத்து மூட்டுகள் மூளைக்குத் தப்பாகச் சேதி சொல்கின்றன. பயிற்சியும் இதுதான்: கண் திறந்து திருத்தி, மறுபடி மூடி, பக்கத்துக்கு 5 தடவை. பிறகு கை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை மட்டும் வலம் இடம் ஆட்டுங்கள், அரை நிமிடம்.

21 ஜனவரி, கேள்வி கேட்டவர்

15 சென்டிமீட்டர் தள்ளிப் போகுது! ரெண்டு மடங்கு மோசமா?

21 ஜனவரி. பிசியோ

சுவரிலிருந்து எவ்வளவு தூரம் உட்கார்ந்தீர்கள்?

21 ஜனவரி, கேள்வி கேட்டவர்

ரெண்டு மீட்டர் இருக்கும். சோபாவை நகர்த்தல.

21 ஜனவரி. பிசியோ

என் தப்பு. 7 சென்டிமீட்டர் என்பது 90 சென்டிமீட்டர் தூரத்துக்கு, கோணமாகச் சொன்னால் 4.5 டிகிரி. 2 மீட்டருக்கு அதே கோணம் ஏறத்தாழ 15.7 சென்டிமீட்டர். உங்களுடையது விளிம்பில் இருக்கிறது, ஆனால் உள்ளேதான். சோபாவை நகர்த்துங்கள்.

26 ஜனவரி. பிசியோ (காவடி)

நாலு வாரம். வலி 2 முதல் 3, வலது முழுதாகத் திரும்புகிறது, இடது முக்கால். கஃப் 24. நன்றாகவே போகிறது. பாதிப் பேர் மூன்று மாதத்துக்குள் தேறுவார்கள், மற்றப் பாதியில் பலருக்கு ஒரு வருடத்திலும் ஏதோ மிச்சம் இருக்கும். முதல் வாரத்தில் வலி 6க்கு மேல் இருந்தவர்கள், கண்ணை மூடினால் இடிச் சத்தம் கேட்கிறவர்கள், 'இனி சரியாகாது' என்று முடிவு கட்டியவர்கள் இந்த இரண்டாவது பாதிக்குப் போக வாய்ப்பு அதிகம். தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பது ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அதற்கும் மருத்துவம் தேவை. கழுத்துப் பயிற்சியில் அது போகாது.

காவடியை எடை போட்டீர்கள், 7 கிலோ, பூவும் தென்னங்குருத்தும் நனைந்தால் இன்னும் கூடும். கிலோ மட்டும் கணக்கில்லை. தோளில் கட்டை அழுத்தும்போது தலை மறுபக்கம் சாயும். அதே கோணத்தில் பிப்ரவரி வெயிலில் மணிக்கணக்காக, கடைசியில் கோவில் மொந்தாஞ் (மலைக்கோவில்) படிக்கட்டு. காவடியைத் தூக்கும் தசை எதுவோ அதுவேதான் உங்களுக்கு இன்னும் நோகும் தசை. ஆட்டம் வந்துவிட்டால் 'இரண்டு புள்ளி' கணக்கும் நினைவில் இருக்காது. என் பதில்: இந்த வருடம் வேண்டாம்.

தலையில் பால்குடம் அதைவிட மோசம், நேராகக் கழுத்தெலும்புமேல் பாரம். அலகும் வேண்டாம். விப்லாஷில் தாடை மூட்டும் நோகும், வாயில் வேல் இருந்தால் கை மரக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது.

கையில் பால் சொம்பு சரி. பித்தளையும் ஒரு லிட்டர்ப் பாலும் சேர்ந்து 2 கிலோ அளவில். முழங்கை விலாவில் ஒட்டி, சொம்பு மார்புக்குக் கீழே, 10 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் வருபவரிடம் கொடுத்துத் தோளை இறக்கிக்கொள்ளுங்கள். இப்போதே 2 கிலோ அரிசிப் பையோடு வீட்டைச் சுற்றி 10 நிமிடம் நடந்து பழகுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி. பால் திரியாமல் வருவது முருகன் பொறுப்பு, கழுத்து நம் பொறுப்பு.

2 பிப்ரவரி. கேஷுவல்டி நர்ஸ்

கொடியேறியாச்சு, விரதம் தொடங்கியிருப்பீர்கள். ஒருவேளைச் சாப்பாட்டில் இருப்பவர்கள் ஐபுப்ரோஃபென் போட வேண்டாம். வெறும் வயிற்றில் அது வயிற்றுப் புண்ணைக் கிளறும், தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. தேவைப்பட்டால் பாராசிட்டமால், அதுவும் சாப்பாடு குறைந்த நாட்களில் குறைந்த அளவில். சர்க்கரை, ஈரல், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

8 பிப்ரவரி. பிசியோ

யாரும் கேட்கவில்லை, ஆனாலும். நடையைவிடக் கழுத்தைப் பதம் பார்ப்பது ஏழு கறி விருந்துதான். தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவது, 20 லிட்டர் தெக்சிப் பாத்திரத்தைக் குனிந்து இறக்குவது, இலைமுன் அரை மணி குனிந்தே இருப்பது. துருவலை மேசைமேல் வையுங்கள், தெக்சியை இரண்டு பேர் இறக்குங்கள், இலையை மேசையில் போட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. பரிமாறுகிறவர் வந்தால் தலையை மட்டும் அண்ணாந்து பார்க்காமல் உடம்போடு நிமிருங்கள்.

லாப்பேன் என்றால் முயல், 'கூ தி லாப்பேன்' என்றால் முயலைக் கொல்லப் பிடரியில் போடும் அடி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏழில் ஒன்றும் முயல் கறி இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

12 பிப்ரவரி, கேள்வி கேட்டவர்

சொம்பு கையில. படி ஏறினேன், நடுவுல ரெண்டு தடவை அண்ணன்கிட்ட கொடுத்தேன். ராத்திரி வலி 4. இன்னிக்குக் காலைல 2. இடது பக்கம் நேத்து மாதிரியே திரும்புது. அடுத்த வருஷம் காவடி எடுக்கணும்னா எப்போ தொடங்கணும்?

12 பிப்ரவரி. பிசியோ

இன்று திருப்பல் மட்டும். நாளைக்குக் கஃப் 26. 30இல் பத்தும் நின்று, இடது முழுதாகத் திரும்பியபின் தோள்பையில் 1 கிலோ, இரண்டு தோளிலும், 15 நிமிடம். வாரத்துக்கு அரை கிலோ, மறுநாள் காலைக் கணக்கு தவறினால் அந்த வாரம் ஏற்ற வேண்டாம். 7 கிலோ வந்தபின் ஒற்றைத் தோள், 3 கிலோவிலிருந்து. காவடிக் கட்டையில் தோள் படும் இடத்துக்கு இரண்டு விரல் தடிமன் பஞ்சு சுற்றச் சொல்லுங்கள்.